கோடுகள் நிறைந்திருக்கின்றன, காணொளி அறுகிறது: கைப்பேசிச் செயலியில் வைஃபை இரைச்சலை அளப்பது எப்படி?

தேக்கா_நிறுவுநர்

வணக்கம். சிங்கப்பூரில் கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வைஃபை அமைத்துக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். களத்துக்குப் போகும் எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரூட்டரை மாட்டிய பிறகு அவர்கள் அறை அறையாக நடந்து பார்த்து, எங்கே சரியாக இருக்கிறது, எங்கே இன்னொரு கருவி தேவைப்படும் என்று வாடிக்கையாளரிடம் காட்டிப் பேசுவதற்காக, தமிழிலேயே ஓர் ஆண்ட்ராய்டு செயலியை ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறேன். இப்போதைக்கு அதில் ஒரே ஓர் எண்தான் பெரிதாகத் தெரியும்: சமிக்ஞையின் தரம் நூற்றுக்கு எவ்வளவு என்பது. ஆண்ட்ராய்டு தரும் ஆர்எஸ்எஸ்ஐ (கைப்பேசி வாங்கும் சமிக்ஞையின் வலிமை) அளவை வாங்கி, ஆண்ட்ராய்டிலேயே உள்ள பழைய நிலைக்கணக்கு ஃபங்ஷனிடம் 101 நிலைகள் என்று கொடுத்து அந்த விழுக்காட்டைப் பெறுகிறேன்.

சென்ற வாரம் டன்லப் ஸ்திரீட்டில், கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் துணைப்பாட நிலையத்துக்குப் போயிருந்தேன். மாலை 6 மணிக்கு மேல் காணொளி வகுப்பு விட்டு விட்டு வருகிறது என்பது அவர்களுடைய குறை. ரூட்டர் அதே அறையின் கூரையில்தான் இருக்கிறது. நடுவே ஒரு தடுப்புகூட இல்லை. மாணவர் மேசையில் என் கைப்பேசியை வைத்தபோது மைனஸ் 52 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெசிபல் அளவு; சுழியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) காட்டியது. என் செயலி 100 விழுக்காடு என்றது. அதே நிமிடத்தில் பக்கத்து மடிக்கணினியில் ஆசிரியையின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது. நிலையத்தின் உரிமையாளர் என் திரையையும் அந்த மடிக்கணினியையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

சமிக்ஞை போதுமான அளவு இருக்கிறது, ஆனால் இரைச்சல் அதைவிட மிகுதியாக இருக்கலாம் என்று நினைத்து, இரைச்சலையும் காட்டுவதாகச் சொல்லும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தேன். அந்த அறையில் மைனஸ் 95 என்றது. படிக்கட்டில் மைனஸ் 95. கீழே ஐந்தடிப் பாதையில் நின்று பார்த்தாலும் மைனஸ் 95. இரவு செங்காங்கில் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தபோதும் அதே எண்தான் நின்றது. அளக்கிற கருவி இப்படி ஓர் இம்மியும் அசையாமல் இருக்குமா என்ற ஐயம் அப்போதுதான் வந்தது.

ஆண்ட்ராய்டில் உண்மையான இரைச்சல் அளவைச் செயலி பெற வழி உண்டா? இல்லையென்றால், வாடிக்கையாளரிடம் பொய் சொல்லாமல் "தரம்" என்று எதைக் காட்டலாம்? இரண்டு வாடிக்கையாளர்கள் ஐஃபோன் செயலியும் கேட்கிறார்கள். மொபைல் டேட்டாவுக்கும் இதே கணக்கைப் பயன்படுத்தலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற_வானலை

தம்பி, உங்கள் ஐயம் நியாயமானது. அந்த மைனஸ் 95 யாரும் அளந்த எண் அன்று. பாடநூல் கணக்கிலிருந்து எடுத்து எழுதிய எண். அது எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தெளிவாகும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எந்தப் பொருளும் அதன் வெப்பநிலையின் காரணமாகவே மெல்லிய மின்னிரைச்சலை உண்டாக்குகிறது. அறை வெப்பநிலையில் அது ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மைனஸ் 174 டிபிஎம். வைஃபை கேட்கும் அலைவரிசை 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால், அத்தனை ஹெர்ட்ஸிலும் உள்ள இரைச்சல் ஒன்றுசேர்ந்து 73 டெசிபல் கூடுகிறது. அதனால் மைனஸ் 101. கைப்பேசியின் வாங்கிச் சுற்று தன் பங்காக ஆறேழு டெசிபல் சேர்க்கும். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ மைனஸ் 95. உங்கள் இலவசச் செயலி இந்த எண்ணை நிரலில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, ஆர்எஸ்எஸ்ஐயிலிருந்து அதைக் கழித்து எஸ்என்ஆர் (சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி) என்று காட்டுகிறது. வேறு இடத்துக்குப் போனால் மாறாதது மட்டுமல்ல, அலைவரிசையின் அகலம் மாறினாலும் அது மாறுவதில்லை என்பது இன்னும் பெரிய பிழை. அகலம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் மட்டம் 3 டெசிபல் உயரும். 80 மெகாஹெர்ட்ஸில் வெப்ப இரைச்சலும் வாங்கிச் சுற்றின் பங்கும் சேர்ந்தே மைனஸ் 89 அளவுக்கு வந்துவிடும்.

ஆனால் உங்கள் துணைப்பாட நிலையத்தில் இதுவும் காரணம் அன்று. மைனஸ் 52 சமிக்ஞைக்கு மைனஸ் 89 இரைச்சல் என்றாலும் இடைவெளி 37 டெசிபல். காணொளிக்கு அது தாராளம். அப்படியானால் முகம் ஏன் உறைந்தது? நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "இரைச்சல்" என்று சொல்லிவிடுகிறோம்; பொறியாளர்கள் இரைச்சலையும் குறுக்கீட்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வைஃபை கருவிகள் ஒன்றின்மேல் ஒன்று கத்துவதில்லை. பேசுவதற்கு முன் கேட்டுப் பார்க்கின்றன. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேறொரு வைஃபை பொட்டலத்தின் (தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டின்) தொடக்கம் மைனஸ் 82 டிபிஎம் வலிமையோடு காதில் விழுந்தாலே, தரநிலைப்படி அந்தக் கருவி வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மைனஸ் 80 என்பது இணைந்து பயன்படுத்த முடியாத அளவுக்கு மெலிந்த சமிக்ஞை. ஆனாலும் உங்கள் ரூட்டரை மௌனமாக்க அது போதும். கடைவீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெருவில், மாலையில் எல்லாக் கடைகளிலும் கூட்டம் சேரும்போது, உங்கள் ரூட்டருக்குக் குறைவது வலிமை அன்று, பேசுவதற்கான நேரம். அந்த நேரப் பற்றாக்குறை ஆர்எஸ்எஸ்ஐயில் துளிகூடத் தெரியாது. இரைச்சல் மட்டத்திலும் தெரியாது.

ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை, சாதாரணச் செயலிக்கு இரைச்சல் மட்டத்தைத் தரும் பொது வழி இல்லை. சில்லுக்கும் அதன் டிரைவருக்கும் அது தெரியும், வெளியே சொல்வதில்லை. லினக்ஸ் கணினியிலோ ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல மென்பொருளை ஏற்றிய ரூட்டரிலோ அலைவரிசைக் கணக்கெடுப்புக் கட்டளையைக் கொடுத்தால், டிரைவர் ஒத்துழைக்கும் இடங்களில் இரைச்சலும், கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எவ்வளவு நேரம் அலைவரிசை நெரிசலாக இருந்தது என்பதும் கிடைக்கும். மேக் மடிக்கணினி கையில் இருந்தால் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைச் சொடுக்குங்கள். ஆர்எஸ்எஸ்ஐ, இரைச்சல் இரண்டும் டிபிஎம்மில் வரும். இது டிரைவர் அளந்து தரும் எண் என்பதால், ஐயம் வரும் இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல துணை.

உங்கள் 100 விழுக்காட்டைப் பற்றியும் ஒன்று. அந்தப் பழைய ஃபங்ஷன் மைனஸ் 100-ஐச் சுழியமாகவும் மைனஸ் 55-ஐ உச்சமாகவும் வைத்து இடையில் நேர்கோடு போடுகிறது. ஆகவே மைனஸ் 55, மைனஸ் 52, மைனஸ் 35 மூன்றும் அதற்கு ஒன்றே. கூகுள் அதை ஆண்ட்ராய்டு 11-இலேயே ஓரங்கட்டிவிட்டது. ஆட்களுக்கு டிபிஎம் எண்ணையே காட்டுங்கள். இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். மூன்று டெசிபல் குறைந்தால் திறன் பாதி, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும்.

பொங்கோல்_சோதகர்

ஐயா சொன்ன "பேசுவதற்கான நேரம்" என்பதை ஆண்ட்ராய்டிலேயே ஓரளவு படிக்க முடியும். நான் கைப்பேசிகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள் என்பதால், நிரலில் தடுக்கி விழக்கூடிய இடங்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரூட்டர்கள் வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று பீக்கன் ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பீக்கனுக்குள் பிஎஸ்எஸ் லோடு என்ற ஒரு சிறு பகுதியைச் சேர்க்கத் தரநிலை இடம் கொடுக்கிறது. அதன் அடையாள எண் 11. உள்ளே 5 பைட்டுகள். முதல் இரண்டும் எத்தனை கருவிகள் இணைந்துள்ளன என்பது; மூன்றாவது பைட்டுதான் நமக்கு வேண்டியது. அலைவரிசை எவ்வளவு பங்கு நேரம் நெரிசலாக இருந்தது என்பதை அந்த ரூட்டரே தன் காதால் கேட்டு, 0 முதல் 255 வரையிலான எண்ணாக எழுதி வைக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல், ஸ்கேன் முடிவில் வரும் ஒவ்வொரு ரூட்டரின் பீக்கன் பகுதிகளையும் செயலி படிக்கலாம். 255-ஆல் வகுத்தால் விழுக்காடு. அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் கருவிகளில் இது பெரும்பாலும் இருக்கும். வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் இருக்காது. இல்லாதபோது உங்கள் செயலி "தகவல் இல்லை" என்று சொல்ல வேண்டுமே தவிர சுழியம் என்று காட்டிவிடக் கூடாது. இன்னொன்று, இந்த நெரிசல் கணக்கில் உங்கள் சொந்த ரூட்டரின் போக்குவரத்தும் அடங்கும்; எண் பெரிதாக இருந்தால் குற்றவாளி பக்கத்துக் கடை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஸ்கேன் செய்ய இருப்பிட அனுமதி வேண்டும். கைப்பேசியின் இருப்பிட வசதியும் இயக்கத்தில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் செயலிகூட 2 நிமிடத்துக்கு 4 முறைக்கு மேல் ஸ்கேன் கேட்க முடியாது. கேட்டால் பழைய முடிவுகளே திரும்ப வரும். ஆட்கள் நடந்துகொண்டே அளக்கும்போது, முந்தைய அறையின் எண்ணை இந்த அறையின் எண்ணாகப் பதிந்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. ஒவ்வொரு முடிவிலும் நேர முத்திரை உண்டு. அதைப் பார்த்து, பழையதைத் தள்ளிவிடுங்கள். உங்கள் நிறுவனக் கைப்பேசிகள் மட்டும் என்றால் டெவலப்பர் அமைப்புகளில் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ளலாம். இணைந்திருக்கும் ரூட்டரின் ஆர்எஸ்எஸ்ஐயையும் ஆண்ட்ராய்டு பெரும்பாலும் 3 விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது. நூறு மில்லிவிநாடிக்கு ஒருமுறை கேட்டால், ஒரே எண்ணை முப்பது முறை வாங்கிவிட்டு, "மிகவும் நிலையாக இருக்கிறது" என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். மைனஸ் 127 வந்தால் அது அளவு அன்று, "தெரியவில்லை" என்பதன் குறியீடு.

சராசரி எடுக்கும்போதும் கவனம் தேவை. டெசிபல் என்பது மடக்கை அளவு. மைனஸ் 50-ஐயும் மைனஸ் 80-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் மைனஸ் 65 வரும். மில்லிவாட்டுக்கு மாற்றி, சராசரி எடுத்து, மறுபடி டெசிபலாக்கினால் மைனஸ் 53 வரும். இரண்டில் எதுவுமே அந்த இடத்தின் அனுபவத்தைச் சொல்லவில்லை. நான் நடு மதிப்பையும், ஆக மோசமான பத்தில் ஒரு பங்கு எங்கே தொடங்குகிறது என்பதையும் காட்டுவேன். கைப்பேசியை ஒரே புள்ளியில் வைத்து அளப்பதும் போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் பள்ளங்கள் அதில் பாதித் தொலைவுக்கு ஒருமுறை வரக்கூடும். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை நான்கு விரற்கடை நகர்த்தி வைத்தாலே ஆர்எஸ்எஸ்ஐ பத்து டெசிபல் மாறுவதை நீங்களே பார்க்கலாம். ஆகவே ஓர் இடம் என்றால் அந்த இடத்தைச் சுற்றி மெல்ல நகர்த்தியபடி அரை நிமிடம்.

ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விட நம்பிக்கையானது, பொட்டலங்களை உண்மையிலேயே அனுப்பிப் பார்ப்பதுதான். ரூட்டருக்கு 20 மில்லிவிநாடிக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்களை ஒரு நிமிடம் அனுப்பி, திரும்பி வர எடுத்த நேரத்தைப் பதியுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், நூற்றில் மெதுவான ஐந்து எவ்வளவு தாமதம் என்பதைப் பாருங்கள். முகம் உறைவது அந்த ஐந்தால்தான். இடைவெளியை ஒரு விநாடி என்று வைத்துவிட்டால், மின்கலத்தை மிச்சம் பிடிக்கக் கைப்பேசியின் வைஃபை இடையில் உறங்கிப்போய், அடுத்த பீக்கனுக்கு விழித்து, நல்ல இடத்திலும் நூறு மில்லிவிநாடித் தாமதம் காட்டும். ஆண்ட்ராய்டு 10 முதல் உள்ள குறைந்த தாமதப் பூட்டைச் சோதனை நேரத்தில் மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பிழை பெரும்பாலும் நீங்கும்.

கூடவே இணைப்பு வேகத்தையும் ஆர்எஸ்எஸ்ஐயையும் அருகருகே காட்டுங்கள். மைனஸ் 52-இல் நிற்கும் கைப்பேசி மிகக் குறைந்த வேகப் படியில் பேசிக்கொண்டிருந்தால், பொட்டலங்கள் கெட்டுப்போய் மறுபடி மறுபடி அனுப்பப்படுகின்றன என்று ஊகிக்கலாம். வலிமை உண்டு, வேகப் படி இறங்கியிருக்கிறது என்றால் உண்மையான இரைச்சலைத் தேட அதுதான் இடம். மைக்ரோவேவ் அடுப்பு, பழைய கம்பியில்லாக் கேமரா போன்றவை. நான் பார்த்த ஓர் உணவுக்கடையில் மதியம் மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செத்துவிடும். பரிமாறும் மேசைக்குப் பின்னால் இரண்டு மைக்ரோவேவ் அடுப்புகள். இங்குள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த அடுப்பு 10 மில்லிவிநாடி கத்தி, 10 மில்லிவிநாடி ஓயும். எப்போதாவது ஒருமுறை எட்டிப் பார்க்கும் அளவி அதைத் தவறவிட்டுவிடும். தொடர்ந்து அனுப்பும் பொட்டலங்கள் தவறவிடாது.

ஐஃபோனில் சாதாரணச் செயலிக்கு இணைந்துள்ள வைஃபையின் டிபிஎம்மைத் தரும் பொது வழி இல்லை. ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியில் வைஃபை ஸ்கேனரை அமைப்புகளில் இயக்கினால், சுற்றியுள்ள ரூட்டர்களின் ஆர்எஸ்எஸ்ஐயைக் கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான். உங்கள் ஐஃபோன் செயலியில் பொட்டலச் சோதனையை மட்டும் வையுங்கள்.

தேக்கா_நிறுவுநர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. பொட்டலச் சோதனையை முதலில் என் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன். எங்கள் செங்காங் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் பாம் ஷெல்டருக்குள் (வீட்டுக்குள்ளேயே உள்ள பாதுகாப்பு அறைக்குள்) இருக்கின்றன. வயரெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று அம்மா சொன்ன ஏற்பாடு. கதவு திறந்திருந்தபோது அடுத்த அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 63. அந்த இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால் மைனஸ் 79. கம்பி கட்டிய கான்கிரீட்டும் இரும்பும் செய்யும் வேலை இது என்று வாடிக்கையாளரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். எண்ணாகப் பார்த்தது இப்போதுதான். இங்கே குறைபாடு உண்மையிலேயே வலிமையில். டன்லப் ஸ்திரீட்டில் நேரத்தில். என் பழைய செயலி இரண்டையும் ஒரே விழுக்காட்டுக்குள் போட்டு மூடியிருக்கிறது.

ஒரு சிக்கல். மொபைல் டேட்டாவுக்கும் எஸ்என்ஆர் எண்ணைப் பதிந்து சராசரி எடுத்தேன். 2147483647 என்று ஒரு பேரெண் நடுவில் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. வேறொரு கைப்பேசியில் 130 என்று வருகிறது. 130 டெசிபல் இருக்க முடியாது அல்லவா?

ஈசூன்_கோபுரம்

இருக்க முடியாது. அந்தப் பேரெண் ஆண்ட்ராய்டில் "கிடைக்கவில்லை" என்பதன் குறி. சராசரிக்கு முன் வடிகட்டிவிடுங்கள். 130 என்பது அநேகமாக 13.0 டெசிபல். 4ஜியின் இந்த அளவை மோடம் பத்தில் ஒரு டெசிபல் அலகில் தரும் வழக்கம் இருந்தது. ஆண்ட்ராய்டின் ஆவணம் மைனஸ் 20 முதல் 30 டெசிபல் வரை என்கிறது. சில கைப்பேசிகளில் மோடத்தின் எண் வகுக்கப்படாமல் அப்படியே மேலே வந்துவிடுகிறது. கைப்பேசி மாதிரி வாரியாகச் சரிபார்த்துப் பட்டியல் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: வைஃபைக் கணக்கை மொபைல் டேட்டாவுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். வைஃபையின் ஆர்எஸ்எஸ்ஐ முழு அலைவரிசையின் திறன். 4ஜியின் ஆர்எஸ்ஆர்பி, 15 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரேயொரு சிறு கூற்றில் உள்ள மேற்கோள் சமிக்ஞையின் (கைப்பேசி அளந்து பார்ப்பதற்கென்றே கோபுரம் அனுப்பும் சமிக்ஞையின்) திறன். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜியில் அத்தகைய கூறுகள் 1200; எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 31 டெசிபல் வேறுபாடு. அதனால்தான் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 95 இருந்தாலும் காணொளி ஓடுகிறது. வைஃபையில் மைனஸ் 95 என்றால் இணைப்பே இருக்காது. ஒரே நிறப் பட்டையில் இரண்டையும் காட்டினால் உங்கள் ஆட்கள் குழம்பிப்போவார்கள்.

இங்கே ஒரு நன்மை, மொபைல் சேவையில் தரத்தைச் சொல்லும் எண்களும் வருகின்றன. ஆர்எஸ்ஆர்க்யூ என்பது மேற்கோள் சமிக்ஞைக்கும் மொத்தத் திறனுக்கும் உள்ள விகிதம். ஆனால் அந்த மொத்தத்தில் நம் சொந்தக் கோபுரத்தின் போக்குவரத்தும் சேரும்: ஒற்றை ஆன்டெனாக் கணக்கில் கோபுரம் வெறுமனே இருந்தால் மைனஸ் 3, முழுச் சுமையில் இயங்கினால் மைனஸ் 10.8. பக்கத்துக் கோபுரம் எதுவும் குறுக்கிடாமலேயே இந்த எட்டு டெசிபல் ஏறி இறங்கும். ஆகவே குறுக்கீட்டை மட்டும் அறிய, குறுக்கீட்டையும் இரைச்சலையும் சேர்த்துச் சமிக்ஞையோடு ஒப்பிடும் எஸ்ஐஎன்ஆரே சரி. 5ஜிக்கு அது ஆண்ட்ராய்டு 10 முதல் உண்டு. 4ஜியோடு சேர்ந்து இயங்கும் 5ஜியில் பல கைப்பேசிகள் அதைத் தருவதில்லை. புதிய அளவு வேண்டுமென்று தனியாகக் கேளுங்கள். சும்மா பட்டியலை வாங்கினால் ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு சேமித்து வைத்த பழையதே கிடைக்கும்.

2ஜி, 3ஜிக்கான நிரலைச் சிங்கப்பூருக்கென்று எழுத வேண்டாம். இங்கே 2ஜி 2017 ஏப்ரலில் நின்றது. 3ஜியை நிறுத்தும் வேலை 2024-இல் தொடங்கியது. உட்லண்ட்ஸ், கிராஞ்சிப் பக்கம் அளக்கப் போனால் நாட்டுக் குறியீட்டை மட்டும் கட்டாயம் பதியுங்கள். 525 என்றால் நம்முடையது; 502 என்றால் கைப்பேசி ஜொகூர்க் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது, அந்த அளவு வாடிக்கையாளரின் சேவையைப் பற்றியது அன்று.

தேக்கா_நிறுவுநர்

நேற்று காலையிலும் மாலையிலும் துணைப்பாட நிலையத்துக்கு மறுபடி போய் வந்தேன். அங்கே நாங்கள் மாட்டிய கருவி பிஎஸ்எஸ் லோடு அனுப்புகிறது. காலை 11 மணிக்கு 61, அதாவது 24 விழுக்காடு. மாலை 6.40-க்கு 214, அதாவது 84 விழுக்காடு. இரண்டு நேரத்திலும் ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் 52-ஐ ஒட்டியே இருந்தது. மாலையில் அறையில் இணைந்திருந்த கருவிகள் ஒன்பதுதான். எல்லோரையும் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிப் பார்த்தபோதும் எண் 190-க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியானால் நெரிசல் பெரும்பாலும் வெளியிலிருந்துதான்.

கருவி 149-ஆம் அலைவரிசையில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருந்தது. சுற்றியுள்ள கடைகளின் ரூட்டர்களில் பெரும்பாலானவை அதே பகுதியில் குவிந்திருந்தன. முதலில் என் பட்டியலில் அது தெரியவில்லை; முதன்மை அலைவரிசையை மட்டும் பார்த்ததால் 157-இல் உள்ளவர்கள் வேறிடத்தில் இருப்பதாகவே நினைத்தேன். ஸ்கேன் முடிவில் வரும் அகலத்தையும் நடு அலைவெண்ணையும் சேர்த்து வரைந்த பிறகுதான், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது புரிந்தது. 36-க்கு மாற்றி, அகலத்தை 40 ஆக்கினேன். நெரிசல் 97-க்கு, அதாவது 38 விழுக்காட்டுக்கு வந்தது. பொட்டலச் சோதனையில் மெதுவான ஐந்து விழுக்காடு 180 மில்லிவிநாடியிலிருந்து 22-க்கு இறங்கியது. ஏழு மணி வகுப்பு முடியும்வரை பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், ஒருமுறையும் நிற்கவில்லை.

செயலியிலிருந்து விழுக்காட்டு எண்ணை எடுத்துவிட்டேன். "இரைச்சல்" என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன், நாங்கள் அளக்காத ஒன்று அது. இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன: வலிமை டிபிஎம்மில், அலைவரிசை நெரிசல் விழுக்காட்டில், தாமதம் மில்லிவிநாடியில். 36-இலும் நாளை கூட்டம் சேர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கவலை.

ஓய்வுபெற்ற_வானலை

கட்டாயம் சேரும். ரேடாருக்கு வழிவிட வேண்டிய அலைவரிசைகளை ஒதுக்கிவிட்டால், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 36 முதல் 48 வரை ஒன்று, 149 முதல் 161 வரை ஒன்று என இரண்டே இடம்தான் உண்டு. எல்லா ரூட்டர்களும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. வேகச் சோதனையில் பெரிய எண் வரட்டும் என்று 80-இல் விட்டுவைக்காமல் நீங்கள் 40-க்கு இறங்கியது நல்ல முடிவு. இரைச்சல் மட்டமும் 3 டெசிபல் இறங்கியிருக்கும். வாடிக்கையாளரின் கருவிகள் புதியவையாக இருந்தால் 6 கிகாஹெர்ட்ஸைப் பாருங்கள். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023-இல் அதில் 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிட்டது. சுவரை ஊடுருவுவதில் அது 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சற்று மெலிந்தது. ஒரே அறைக்குள் நடக்கும் வகுப்புக்கு அதுவே நன்மை.

பொங்கோல்_சோதகர்

ஒரு திருத்தம் மட்டும். அந்த 38 விழுக்காடு கூரையில் இருக்கும் கருவியின் காதில் விழுந்தது. சன்னலோரம் உட்காரும் மாணவரின் மடிக்கணினி தெருவுக்கு அருகில் இருக்கிறது. கூரைக்குக் கேட்காத எதிர்க்கடை ரூட்டர் அதற்குக் கேட்கலாம். இரண்டாவது வரியில் "ரூட்டர் இருக்கும் இடத்தில்" என்று சேர்த்து எழுதுங்கள். தாமதச் சோதனையைச் சன்னலோர மேசையில் தனியாக ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை ஓட்டிப் பாருங்கள்.